பழைய கியர் கார் ஸ்டார்ட் ஆகவில்லை: கோளாறு எந்தப் பக்கம்?

'வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை' என்பதற்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. சாவியைத் திருப்பினால் எஞ்சின் அசையவே இல்லை என்பது ஒன்று. எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்க மாட்டேன் என்கிறது என்பது இன்னொன்று. முதலாவதில் பெட்ரோல் பம்பைக் கழற்றிப் பார்ப்பது வீண் வேலை. இரண்டாவதில் புது ஸ்டார்ட்டர் மோட்டார் வாங்கிப் போடுவது வீண் செலவு. இந்த இரண்டையும் பிரித்துக்கொள்ளாமல் பானெட்டைத் திறப்பவர்கள்தான் பேட்டரி, பிளக், காயில் (பொறிக்கான உயர் வோல்டேஜைத் தரும் பாகம்) என்று வரிசையாக மாற்றிவிட்டு, கடைசியில் பேட்டரியில் வயரைப் பிடிக்கும் ஒரு தளர்ந்த டெர்மினலில் வந்து நிற்கிறார்கள்.

கியர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு சலுகை உண்டு. கிளட்ச், கியர்பாக்ஸ், சக்கரம் எல்லாம் எஞ்சினோடு நேராகப் பிணைந்தவை. கியரில் போட்டு வண்டியைத் தள்ளினால் எஞ்சின் சுற்றும். அதாவது, பேட்டரியும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் செய்ய வேண்டிய வேலையை நீங்களே கையால் செய்து பார்க்கலாம். ஆட்டோமேட்டிக் வண்டியில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவில் வெறும் எண்ணெய் இருப்பதால் அந்த வசதி இல்லை. தள்ளி ஸ்டார்ட் செய்வதை எல்லோரும் அவசரத்துக்கான வழி என்றுதான் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது முதலில் ஒரு சோதனை, அப்புறம்தான் அவசர வழி. இந்தக் கட்டுரையில் அது அடிக்கடி வரும்.

சாவி திருப்பினால் என்ன நடக்கிறது

சாவியைக் கடைசி வரை திருப்பும்போது ஒரு சின்ன மின்னோட்டம் ரிலே எனும் சிறிய மின்சுவிட்ச் வழியாக (ரிலே இல்லாத பழைய வண்டிகளில் நேராக) ஸ்டார்ட்டர் மோட்டாரின் முதுகில் உட்கார்ந்திருக்கும் சொலினாய்டு எனும் மின்காந்தத்துக்குப் போகிறது. சொலினாய்டு ஒரே இழுப்பில் இரண்டு வேலை செய்கிறது. ஒரு சிறிய பல்சக்கரத்தை முன்னால் தள்ளி, எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃபிளைவீலைச் சுற்றியுள்ள ரிங் கியரில் கோக்கிறது. அதே நேரத்தில் உள்ளே இரண்டு தடித்த செம்புத் தொடுப்புகளை இணைத்து, பேட்டரியின் முழு மின்சாரத்தையும் மோட்டாருக்குத் திறந்துவிடுகிறது. சிறிய பெட்ரோல் எஞ்சினுக்கே இந்த நேரத்தில் 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும். டீசலுக்கு இன்னும் அதிகம். முகப்பு விளக்கு இரண்டும் சேர்ந்து இழுப்பது 10 ஆம்பியர் அளவுதான். 'விளக்கு எரிகிறது, அதனால் பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது' என்ற வாதம் ஏன் செல்லாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும்.

எஞ்சின் சுற்ற ஆரம்பித்த பிறகு அது தானாக ஓட, சிலிண்டருக்குள் சரியான அளவில் பெட்ரோலும் காற்றும் வர வேண்டும், அது நன்றாக அமுக்கப்பட வேண்டும், சரியான நொடியில் பொறி விழ வேண்டும். இவ்வளவுதான். எஞ்சின் சுற்றினால் இந்தப் பட்டியலில் தேடுங்கள். சுற்றாவிட்டால் முந்தைய பத்தியில் தேடுங்கள்.

எதற்கும் முன்னால் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரை நியூட்ரலில் போட்டு, கையால் ஆட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கியரில் இருக்கும்போது ஸ்டார்ட்டர் சுற்றினால் வண்டி பாய்ந்து முன்னால் போகும். பானெட்டுக்கு முன்னால் ஆள் நிற்கும் நேரம் இது என்பதை மறந்துவிடக் கூடாது.

அசையவே இல்லை என்றால்

முதலில் காது. சாவியைத் திருப்பும்போது என்ன சத்தம் கேட்கிறது?

'டக் டக் டக் டக்' என்று வேகமாக அடித்துக்கொண்டால், கிட்டத்தட்ட எப்போதுமே பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. சொலினாய்டை இழுக்கும் அளவுக்கு மின்சாரம் இருக்கிறது. ஆனால் மோட்டார் இழுக்க ஆரம்பித்தவுடன் வோல்டேஜ் விழுந்து சொலினாய்டு விட்டுவிடுகிறது. விட்டவுடன் வோல்டேஜ் ஏறி மறுபடியும் இழுக்கிறது. அந்த இழுபறிதான் அந்தச் சத்தம்.

ஒரே ஒரு 'டக்', பிறகு அமைதி என்றால் விஷயம் வேறு. சொலினாய்டு தன் வேலையைச் செய்துவிட்டது, மோட்டார் சுற்றவில்லை. சொலினாய்டின் உள்ளே உள்ள செம்புத் தொடுப்புகள் கருகியிருக்கலாம், மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், பல்சக்கரம் ரிங் கியரில் சிக்கியிருக்கலாம், அரிதாக எஞ்சினே இறுகியிருக்கலாம்.

சத்தமே இல்லை என்றால், சொலினாய்டு வரைக்கும் கட்டளை போய்ச் சேரவில்லை. சாவி சுவிட்ச், ரிலே, ஃபியூஸ், நடுவில் உள்ள மெல்லிய வயர், சில வண்டிகளில் கிளட்ச் பெடலின் மேலே உள்ள சுவிட்ச் என எங்கும் இருக்கலாம். கிளட்சை முழுதாக மிதித்தால்தான் செல்ஃப் (ஸ்டார்ட்டர்) எடுக்கும் என்று வடிவமைத்த வண்டிகளில் இந்தச் சுவிட்ச் இருக்கும். பெடலுக்கு அடியில் தரைவிரிப்பு மடங்கிக் கிடந்தாலே போதும், பெடல் கடைசி வரை போகாது, வண்டி ஊமையாக நிற்கும்.

அடுத்து கண். உள்விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். (முகப்பு விளக்கிலும் பார்க்கலாம். ஆனால் செல்ஃப் எடுக்கும்போது அதைத் தானாக அணைத்துவிடும் வண்டிகள் உண்டு, ஏமாந்துவிடாதீர்கள்.) விளக்கு முதலிலிருந்தே மங்கல் அல்லது எரியவே இல்லை என்றால் பேட்டரி அல்லது டெர்மினல். நன்றாக எரிந்த விளக்கு சாவியைத் திருப்பியதும் அணையும் அளவுக்கு மங்கினால், பேட்டரி பலவீனமாக இருக்கிறது, அல்லது மோட்டாரோ எஞ்சினோ இறுகி அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கிறது. விளக்கு கொஞ்சமும் மங்காமல் அப்படியே எரிந்தால், பெரிய மின்சாரம் கிளம்பவே இல்லை. அப்போது பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள், மோட்டார் பக்கம் போங்கள்.

பேட்டரியும் அதைப் பிடித்திருக்கும் வயரும்

ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் பாதி ஊகம் குறையும். கார் பேட்டரியில் ஆறு செல்கள். நன்றாக சார்ஜ் ஏறி, சில மணி நேரம் ஓய்வில் இருந்த பேட்டரி 12.6 வோல்ட் அளவு காட்டும். 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஓய்வில் காட்டும் எண் ஒரு பேட்டரியின் வீரத்தைச் சொல்லாது. வயதான பேட்டரி 12.5 காட்டிவிட்டு, செல்ஃப் எடுத்ததும் 7 வோல்ட்டுக்கு விழுந்துவிடும். அதனால் மீட்டரை வைத்துக்கொண்டே ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். எஞ்சின் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்கு மேல் நின்றால் சரி. அதற்குக் கீழே இறங்கினால், முதலில் முழுதாக சார்ஜ் செய்து மறுபடி பாருங்கள். அப்போதும் விழுந்தால் பேட்டரியின் ஆயுள் முடிந்தது.

பேட்டரி சரி, ஆனாலும் மோட்டாருக்குப் பலம் இல்லையா? பழைய வண்டிகளில் நான் முதலில் சந்தேகப்படுவது, மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியான எர்த் வயரைத்தான். பேட்டரியின் மைனஸிலிருந்து பாடிக்கு ஒன்று, பாடியிலிருந்து எஞ்சினுக்கு ஒன்று என்று இருக்கும். எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருப்பதால், அந்த இரண்டாவது பட்டை துருப்பிடித்தால் எஞ்சினுக்கு எர்த் கிடைக்காது. பெரும்பாலும் அது கீழே, எண்ணெயும் சேறும் படிந்த இடத்தில் இருக்கும். யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. சோதிப்பது எளிது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் கம்பத்திலும், இன்னொன்றை எஞ்சினின் சுத்தமான உலோகத்திலும் வைத்து செல்ஃப் எடுக்கச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் காட்டினால் எர்த் கெட்டுப்போயிருக்கிறது. மீட்டர் இல்லையென்றால், ஒரு ஜம்பர் கேபிளை பேட்டரி மைனஸிலிருந்து நேராக எஞ்சின் உலோகத்துக்குக் கொடுத்துப் பாருங்கள். உடனே உற்சாகமாகச் சுற்றினால் குற்றவாளி கிடைத்துவிட்டான்.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் வெந்நீரில் சமையல் சோடா கலந்து ஊற்றிக் கழுவலாம். பொடியே இல்லாமல் பளபளப்பாக இருந்தும் உள்பக்கம் கறுத்து, தொடுப்பு இல்லாமல் இருப்பது உண்டு. கழற்றி, கம்பத்தையும் கிளாம்பின் உள்பக்கத்தையும் உரசிவிட்டு மாட்டுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. மைனஸ் இணைந்திருக்கும்போது பிளஸைக் கழற்றும் ஸ்பேனர் பாடியில் பட்டால் நேரடி ஷார்ட்.

இன்னொரு வண்டியிலிருந்து மின்சாரம் வாங்கும்போதும் வரிசை முக்கியம். ஜம்பர் கேபிளில் சிவப்பை முதலில் இறந்த பேட்டரியின் பிளஸில், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸில். கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில், கடைசி முனையை இறந்த வண்டியின் எஞ்சின் உலோகத்தில், பேட்டரியைவிட்டுத் தள்ளி. கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வருவதால், அந்தப் பொறி அதன் தலைக்கு மேல் விழக் கூடாது.

தள்ளிப் பார்க்கலாம்

இப்போது அந்தச் சலுகைக்கு வருவோம். சமதளமான, போக்குவரத்து இல்லாத இடம் வேண்டும். சாவியை ஆன் நிலையில் வையுங்கள். இல்லாவிட்டால் பொறியும் வராது, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். கிளட்சை மிதித்து இரண்டாவது கியரைப் போடுங்கள். முதல் கியர் வேண்டாம், அதில் கிளட்சை விட்டதும் சக்கரம் இழுத்துப் பிடித்து வண்டி குலுங்கி நின்றுவிடும். தள்ளுபவர்கள் ஓடும் வேகத்துக்கு வந்ததும் கிளட்சைச் சட்டென்று விடுங்கள். எஞ்சின் பிடித்ததும் மறுபடி மிதியுங்கள். பிரேக்குக்கும் பவர் ஸ்டீயரிங்குக்கும் எஞ்சின் ஓடினால்தான் உதவி கிடைக்கும். அதுவரை பிரேக்கை வழக்கத்தைவிடப் பலமாக அழுத்த வேண்டியிருக்கும் என்பதை ஓட்டுபவர் தெரிந்திருக்க வேண்டும். சரிவில் செய்பவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும்.

கிடைக்கும் பதிலைப் பாருங்கள். தள்ளியதும் பிடித்து நன்றாக ஓடுகிறதா? அப்படியானால் பெட்ரோல், பொறி, கம்ப்ரஷன் (அமுக்கம்) எல்லாம் நன்றாக இருக்கின்றன. கோளாறு பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டர் வரையுள்ள அந்தச் சின்ன வட்டத்துக்குள்தான். இரண்டு மூன்று முறை தள்ளியும் எஞ்சின் வெறுமனே சுற்றுகிறது, பிடிக்கவில்லையா? எரிபொருள் அல்லது பொறி. கிளட்சை விட்டதும் சக்கரம் உருளாமல் தேய்த்துக்கொண்டு நிற்கிறதா? எஞ்சின் இறுகியிருக்கிறது, அதற்கு மேல் தள்ளாதீர்கள்.

பேட்டரி அடியோடு செத்திருந்தால் இந்தச் சோதனை பொய் சொல்லும். காயிலுக்கும், இன்ஜெக்‌ஷன் வண்டியில் (கம்ப்யூட்டர் கணக்கிட்டுப் பெட்ரோலைப் பீச்சும் வகை) பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் கொஞ்சமாவது மின்சாரம் வேண்டும். எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரும் தன் வேலையைத் தொடங்க பேட்டரியிலிருந்து ஒரு துளி வாங்கித்தான் ஆக வேண்டும். டேஷ்போர்டு விளக்குகள்கூட எரியாத வண்டியை வியர்க்க வியர்க்கத் தள்ளுவதில் பயனில்லை. அப்புறம், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியைத் திரும்பத் திரும்பத் தள்ளினால் எரியாத பெட்ரோல் அதற்குள் போய்ச் சேர்ந்து, பிறகு எரிந்து அதைக் கெடுத்துவிடும். ஒன்றிரண்டு முயற்சி போதும். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் தள்ளவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அதை அமுக்க முடியாது, பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடுதான் வளையும்.

கியர் வண்டிக்கு இன்னொரு தந்திரமும் உண்டு. ஒரே 'டக்', பேட்டரி நன்றாக இருக்கிறது, ஸ்டார்ட்டர் பல்சக்கரம் ரிங் கியரில் சிக்கியிருக்குமோ என்று சந்தேகம். சாவியை எடுத்துவிட்டு, மூன்றாவது கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டு, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். சிக்கிய பல் 'டிங்' என்று விடுபடும். இது அடிக்கடி நடந்தால் ரிங் கியரின் பற்கள் ஓரிடத்தில் தேய்ந்துவிட்டன. எஞ்சின் அணையும்போது பெரும்பாலும் ஒரே சில இடங்களில்தான் நிற்கும், அதனால் அந்த இடங்களே தேய்கின்றன.

கார்பன் பிரஷ் தேய்ந்த மோட்டாரை, ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்க, சுத்தியலின் மரப்பிடியால் மெல்லத் தட்டினால் சுற்றக்கூடும். சுற்றினால் கொண்டாட வேண்டாம். மோட்டார் தன் கடைசி நாட்களில் இருக்கிறது என்பதற்கான சான்று அது, நேராகப் பட்டறைக்குப் போங்கள். எப்படியானாலும் செல்ஃபைத் தொடர்ந்து 10 நொடிக்கு மேல் அடிக்காதீர்கள், நடுவில் அரை நிமிடமாவது ஓய்வு கொடுங்கள். இவ்வளவு பெரிய மின்சாரத்தில் மோட்டார் சீக்கிரம் சூடாகிவிடும்.

சுற்றுகிறது, பிடிக்கவில்லை

இங்கேயும் முதலில் காது. ஆரோக்கியமான எஞ்சின் சுற்றும்போது சீரான தாளம் இருக்கும், ஒவ்வொரு சிலிண்டரும் அமுக்கும்போது கொஞ்சம் இழுக்கும். வழக்கத்தைவிட வேகமாக, இழுப்பே இல்லாமல் 'விர்ர்' என்று சுற்றினால் உடனே நிறுத்துங்கள். வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும் வகை எஞ்சின்களில் ஒவ்வொரு சுற்றும் சேதத்தைக் கூட்டும். பல வண்டிகளில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் தெரியும். ஒரு நொடி மட்டும் செல்ஃப் எடுத்து அது சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவில்லை என்றால் உங்கள் வேலை முடிந்தது, இழுத்துச் செல்லும் வண்டியைக் கூப்பிடுங்கள்.

தாளம் சரியாக இருந்தால், கேள்வி பெட்ரோலா பொறியா என்பதுதான். இதற்கு மிக நேர்மையான சாட்சி ஸ்பார்க் பிளக். சில முறை செல்ஃப் எடுத்துவிட்டு ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை பெட்ரோலில் நனைந்து வாடை அடித்தால், எரிபொருள் வருகிறது, பற்றவைக்க ஆளில்லை, அல்லது அளவுக்கு மீறி வந்து மூழ்கடித்துவிட்டது. காய்ந்து கிடந்தால் எரிபொருள் வரவில்லை. ஐந்து நிமிட வேலை, ஆனால் எத்தனையோ பாகங்களை வீணாக மாற்றுவதிலிருந்து காப்பாற்றும்.

பெட்ரோல் பக்கம் பார்ப்போம். டேங்கில் இருக்கிறதா என்று கேட்பதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். பழைய வண்டிகளின் முள் பொய் சொல்வதில் பெயர் போனது. கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) உள்ள வண்டி பல வாரம் நின்றிருந்தால் அதன் ஃப்ளோட் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் ஆவியாகியிருக்கும். எஞ்சினால் ஓடும் மெக்கானிக்கல் பம்ப் அதை மறுபடி நிரப்பக் கொஞ்சம் சுற்ற வேண்டும். ஏர் ஃபில்டரைக் கழற்றி, எஞ்சின் நின்றிருக்கும்போது ஆக்ஸிலேட்டர் லீவரைக் கையால் இழுத்தபடி கார்புரேட்டரின் வாய்க்குள் பாருங்கள். மெல்லிய தாரையாகப் பெட்ரோல் பீச்ச வேண்டும். பீச்சினால் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. பீச்சவில்லை என்றால் ஃபில்டர் அடைப்பு, பம்பின் டயாஃப்ரம் கிழிசல், ஒட்டிக்கொண்ட நீடில் வால்வு என்று பின்னோக்கிப் போகலாம். குளிர்ந்த எஞ்சினுக்கு, காற்றைக் குறைக்கும் சோக்கை இழுத்தீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சோக் கேபிள் அறுந்து, குமிழ் மட்டும் கையோடு வரும் வண்டிகளும் உண்டு.

எதிர்ப்பக்கம், ஓவர்ஃப்ளோ. பதற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்து, சோக்கையும் இழுத்துவைத்து, பெட்ரோல் வாடை வண்டி முழுக்க வீசும் நிலை. சோக்கை உள்ளே தள்ளுங்கள், ஆக்ஸிலேட்டரைத் தரை வரை ஒரே மிதியாக மிதித்து அப்படியே வைத்துக்கொண்டு செல்ஃப் எடுங்கள். மிதித்து மிதித்து விடக் கூடாது, ஒவ்வொரு மிதியும் இன்னும் கொஞ்சம் பெட்ரோலைப் பீச்சும். காற்று வழி முழுதாகத் திறந்து, தேங்கியதை அடித்துக்கொண்டு போகும். கேட்கவில்லை என்றால் பத்து, பதினைந்து நிமிடம் விட்டுவிடுங்கள். பல இன்ஜெக்‌ஷன் வண்டிகளிலும் இதே வழி வேலை செய்யும். பெடல் தரையில் இருக்கும்போது செல்ஃப் எடுத்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும்.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் சாவியை ஆன் செய்ததும் பின்சீட் பக்கமிருந்து ஓரிரு நொடி 'ம்ம்ம்' என்று பம்ப் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ஃபியூஸ், பம்ப் ரிலே, பிறகு பம்ப் என்று போங்கள். மோதலின்போது பம்பை நிறுத்தும் ஒரு சுவிட்ச் சில வண்டிகளில் இருக்கிறது. ஒரு பள்ளத்தில் பலமாக விழுந்தாலே அது அணைந்துவிடும், பொத்தானை அழுத்தினால் சரியாகிவிடும். பக்கத்தில் நிற்கும் அதே ரக ரிலே ஒன்றை மாற்றிப் போட்டுப் பார்ப்பது காசு செலவில்லாத நல்ல சோதனை.

பொறி

பழைய பெட்ரோல் வண்டிகளில் ஆர்வமூட்டும் கோளாறுகள் எல்லாம் இங்கேதான். ஒரு உபரி பிளக்கை, பிளக்குக்கு மின்சாரம் கொண்டுவரும் ஹைடென்ஷன் வயரில் செருகி, அதன் உலோக உடம்பு எஞ்சினில் நன்றாகப் படும்படி வைத்து, ஒருவரை செல்ஃப் எடுக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். நீலமாக, 'சட் சட்' என்று சத்தத்தோடு விழுந்தால் நல்ல பொறி. மஞ்சளாக, மெலிந்து விழுந்தால் பலவீனம். கையில் பிடிக்காதீர்கள். பாயின்ட் (பொறிக்காகத் திறந்து மூடும் தொடுப்பு) வகையிலேயே பல ஆயிரம் வோல்ட், எலக்ட்ரானிக் வகையில் அதைவிட அதிகம், இதயக் கோளாறு உள்ளவர்கள் கிட்டவே வர வேண்டாம். பெட்ரோல் சிந்தியிருந்தாலும், ஓவர்ஃப்ளோ வாடை அடங்காவிட்டாலும் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

பொறி இல்லையென்றால், ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறங்கள். உள்ளே ஈரம் இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்தாலே வண்டி கிளம்பிவிடலாம். மழைக்கு மறுநாள் காலையில் மட்டும் அடம்பிடிக்கும் வண்டிக்கு இதுதான் பெரும்பாலும் காரணம். மூடியில் பென்சிலால் கோடு போட்டதுபோல் மெல்லிய கறுப்புத் தடம் இருந்தால், மின்சாரம் அந்த வழியாகக் கசிகிறது, மூடியை மாற்ற வேண்டும். மூடி திறந்திருக்கும்போதே செல்ஃப் எடுத்து உள்ளே உள்ள ரோட்டார் சுற்றுகிறதா என்றும் பார்த்துவிடலாம். சுற்றவில்லை என்றால் மறுபடியும் டைமிங் பெல்ட் அல்லது செயின் பக்கம்தான் பார்க்க வேண்டும்.

பாயின்ட் உள்ள வண்டியில், அதன் இரு முகங்களும் கருகியிருக்கிறதா என்று பாருங்கள். முழுதாகத் திறந்திருக்கும்போது இடைவெளி பொதுவாக 0.4 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், உங்கள் வண்டியின் கையேடு சரியான எண்ணைச் சொல்லும். உரசித் தேய்ந்து இடைவெளி மூடிப்போனால் பொறியே வராது. புதுப் பாயின்ட் போட்ட சில நாளிலேயே கருகினால் குற்றம் பாயின்ட்டில் இல்லை, பக்கத்தில் உள்ள கண்டென்சரில்.

ஒரு அழகான அறிகுறியை இங்கே சொல்ல வேண்டும். செல்ஃப் அடிக்கும் வரை எஞ்சின் ஓடுகிறது, சாவியை விட்டதும் அந்த நொடியே நின்றுவிடுகிறது. இதைப் பெட்ரோல் கோளாறு என்று நினைத்து கார்புரேட்டரைப் பிரித்தவர்கள் நிறையப் பேர். பல வண்டிகளில் காயிலுக்கு இரண்டு வழியில் மின்சாரம் வருகிறது. செல்ஃப் அடிக்கும்போது நேராக முழு வோல்டேஜ், ஓடும்போது ஒரு பாலஸ்ட் ரெசிஸ்டர் வழியாகக் குறைந்த வோல்டேஜ். ரெசிஸ்டரோ சாவி சுவிட்சின் அந்தத் தொடுப்போ போய்விட்டால் இப்படித்தான் நடக்கும். இதற்கு நேர்மாறாக, செல்ஃப் அடிக்கும்போது பிடிக்காமல், சாவியை விடும் அந்தக் கணத்தில் 'டுப்' என்று ஒரு முறை பிடிக்கப் பார்த்தால், முதல் வழி அறுந்திருக்கிறது, அல்லது செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி மிகவும் விழுந்து காயிலைப் பட்டினி போடுகிறது. இந்த வண்டியைத் தள்ளினால் ஜம்மென்று கிளம்பும்.

டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாத, இன்ஜெக்‌ஷன் வண்டியில் பொறியும் பெட்ரோலும் ஒரே நேரத்தில் காணாமல் போனால், கிராங்க் ஷாஃப்ட் சென்சாரைச் சந்தேகப்படலாம். எஞ்சின் சுற்றுகிறது என்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. ஆர்பிஎம் முள் உள்ள பல வண்டிகளில் செல்ஃப் எடுக்கும்போது முள் கொஞ்சம் அசையும். துளியும் அசையாவிட்டால் அது ஒரு குறிப்பு. சூடாக இருக்கும்போது நின்று, ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும் வண்டிகளிலும் இந்தச் சென்சார் அல்லது காயில்தான் அடிக்கடி மாட்டும். 1990-களின் பிற்பகுதிக்குப் பிந்தைய வண்டி என்றால் சரியான சாவி இல்லாமல் எஞ்சினைக் கிளம்பவிடாத இம்மொபிலைசரையும் மறக்க வேண்டாம். டேஷ்போர்டில் சாவிப் படம் சிமிட்டிக்கொண்டே இருந்தால் இரண்டாவது சாவியை எடுத்து முயன்று பாருங்கள்.

டீசல் வண்டிக்குப் பொறி கிடையாது, கதை சுருக்கம். குளிர்ந்த எஞ்சின் என்றால், சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக். நின்ற வண்டியில் லைனுக்குள் காற்று புகுந்திருந்தால் ஏர் லாக், கைப்பம்பை அமுக்கி, காற்றை வெளியேற்ற வேண்டும். பழைய இன்ஜெக்‌ஷன் பம்புகளில் எரிபொருளைத் திறந்துவிடும் ஒரு சிறிய சொலினாய்டு இருக்கும், சாவி ஆன் செய்ததும் 'டிக்' என்று கேட்காவிட்டால் அதற்கு வரும் வயரைப் பாருங்கள். குளோ பிளக் உள்ள எஞ்சினில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது, வெடித்து பிஸ்டன் உடையலாம்.

கிளம்பிய பிறகு

எஞ்சின் ஓடும்போதே மீட்டரை பேட்டரியில் வையுங்கள். 13.8-லிருந்து 14.5 வோல்ட் வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறது. 12.5-லேயே நின்றால், நீங்கள் சரிசெய்ததாக நினைத்த பேட்டரி இன்று மாலை மறுபடி இறங்கும். ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், ஆல்டர்னேட்டரைக் கழற்றுவதெல்லாம் பிறகு. பெல்ட்டை எஞ்சின் நின்ற பிறகுதான் தொட வேண்டும். ஓடும் எஞ்சினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் 'சோதிக்கும்' பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. டைனமோ காலத்தில் அது ஓடியிருக்கலாம், ஆல்டர்னேட்டர் வண்டியில் டயோடும் கம்ப்யூட்டரும் போய்விடும்.

சார்ஜ் சரியாக இருந்தும் ஒரு ராத்திரியில் பேட்டரி இறங்கினால், எங்கோ மின்சாரம் கசிகிறது. சாவியை எடுத்து, எல்லாவற்றையும் அணைத்து, மைனஸ் டெர்மினலைக் கழற்றி, டெர்மினலுக்கும் கம்பத்துக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வையுங்கள். மீட்டர் இணைந்திருக்கும்போது செல்ஃப் எடுக்கக் கூடாது, அதன் ஃபியூஸ் போய்விடும். சில நிமிடம் கழித்து 50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் பயமில்லை. அதற்கு மேல் காட்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள், எந்த ஃபியூஸை எடுத்ததும் எண் விழுகிறதோ அந்த வரிசையில்தான் கசிவு. எதை எடுத்தும் விழாவிட்டால் ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைக் கழற்றிப் பாருங்கள், ஏனென்றால் டயோடு ஷார்ட் ஆனால் கசிவு அந்த வழியாகத்தான். அந்த வயரில் பேட்டரி மின்சாரம் எப்போதும் இருக்கும், அதனால் மைனஸ் முழுதாகக் கழன்றிருக்கும்போதுதான் அதில் ஸ்பேனர் வைக்க வேண்டும். கழற்றிய முனை எங்கும் படாதபடி சுற்றிவைத்துவிட்டு மீட்டரை மறுபடி இணைத்துப் பாருங்கள். வெளியில் வாங்கிப் பொருத்திய பாட்டுப் பெட்டியும், டிக்கிக்குள் மூடிய பிறகும் எரிந்துகொண்டிருக்கும் சின்ன விளக்கும்தான் இந்தத் தேடலில் அடிக்கடி சிக்குபவை.